தலைக்கு மேல் ஒரு பைப்

பெல்ட் நாலு திசையிலிருந்தும் வந்து வயிற்றுக்கு மேலே ஒரே பூட்டில் சேர்ந்தது. வம்சி குனிந்து அதைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்து இறுக்கியதும் கதிருக்குப் பாதி மூச்சுதான் உள்ளே போனது.

"வலிக்குதா?"

"இல்லீங்க சார்."

"வலிக்கோணும். அப்பத்தான் சரியாப் போட்டிருக்கறோம்னு அர்த்தம்" என்று சிரித்துவிட்டு வம்சி காரைச் சுற்றி வந்து ஓட்டுகிற சீட்டில் ஏறினான். ஆர்.எஸ்.புரத்தில் பெரிய வீடு, அப்பாவுக்கு நூல் மில். பிள்ளைக்கோ மில் என்றால் கொட்டாவி, கார் ரேஸ் என்றால் சோறு தண்ணி வேண்டாம். வாங்கின புது மாருதியில் பின் சீட்டைப் பிடுங்கி எறிந்து, உள்ளே பைப்பால் ஒரு கூண்டு கட்டி, சிவப்புப் பெயின்ட் அடித்து, இப்போது கிணத்துக்கடவைத் தாண்டித் தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகிற மண் சாலையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். அடுத்த ஞாயிறு ரேஸ். இன்றைக்கு ஒத்திகை.

பக்கத்து சீட்டுக்காரனுக்கு வேலை வாசிப்பது. இடது வளைவு, வலது வளைவு, பாலம், பள்ளம் என்று தாளில் குறித்து வைத்திருப்பதை முன்கூட்டிச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பத்தாவது வரைக்கும் படித்த கதிருக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை. தாளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பெரிய காரியமாக இருந்தது. கண் மேலே மேலே போயிற்று.

பார்க்கக் கூடாது என்று கோயமுத்தூர் கணபதியிலிருந்து வழி நெடுகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தவன், பெல்ட் பூட்டிய மறு நொடியே அண்ணாந்து பார்த்துவிட்டான். நெற்றிக்கு ஒரு சாண் உயரத்தில், முன் கண்ணாடியின் மூலையில், கூண்டின் பைப்புகள் சேர்கிற, வெள்ளிப் பெயின்ட் பூசிய அந்த இணைப்பு பளபளவென்று இருந்தது. அப்படி ஓர் அழகு. அதற்குள் என்ன இருக்கிறது என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்று கதிர் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஒருவர் திருமூர்த்தி. கணபதியில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். கேட், கிரில், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு என்று எது வந்தாலும் ஒட்டுவது அவர், வெட்டுவது கதிர். வெட்டுவது என்றால் சும்மா இல்லை. ஒரு பைப்பை இன்னொரு பைப்பின் மேல் முட்டி நிறுத்தி ஒட்ட வேண்டுமென்றால் முனை தட்டையாக இருந்து புண்ணியமில்லை. அந்தப் பக்கத்துப் பைப்பின் உருண்டையைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி முனையில் ஒரு வாய் வெட்ட வேண்டும். பெரிய கம்பெனிகளில் அதற்கென்று மெஷின் இருக்கிறதாம். திருமூர்த்தி பட்டறையில் இருந்தது இரும்பு அறுக்கிற ஒரு ஹேக்ஸா, ஒரு அரை வட்ட அரம், கதிரின் இரண்டு கை. முனையில் இரண்டு சாய்வு வெட்டுப் போட்டு, நடுவில் நிற்பதைத் தட்டி எடுத்துவிட்டு, ராவி ராவிப் பொருத்திப் பார்க்க வேண்டும். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடி அரம். தெரியாவிட்டால் வெல்டிங்குக்குக் கொடுக்கலாம். கதிர் கொடுத்ததில் வெளிச்சம் தெரிந்து யாரும் பார்த்ததில்லை.

இரண்டு முனையிலும் வாய் வேண்டிய பைப்பில்தான் வில்லங்கம். ஒரு முனை எந்தத் திசை பார்க்கிறதோ அதற்குத் தக்கபடிதான் மறு முனையும் பார்க்க வேண்டும். கொஞ்சம் திரும்பினால் பைப் பாழ். ஆனால் பட்டறைக்காரர்கள் யாரும் இதற்காக மெனக்கெட்டுக் கோடு போடுவதில்லை. சாதாரண பைப் என்பது தகட்டைச் சுருட்டி ஒட்டியது. ஒட்டிய தடம் நீளத்துக்கும் நேராக ஓடும். அதை வைத்தே இரண்டு முனையையும் வெட்டிவிடுவார்கள். கதிரின் கண்ணும் வருஷக்கணக்காக அந்தத் தடத்தின் மேலேயே நடந்து பழகிய கண்தான்.

கூண்டுக்கு வம்சி கொண்டுவந்தது ஒட்டே இல்லாத பைப். ரேஸ்காரர்களின் சட்டம் அப்படியாம். தடம் இல்லாததால் கதிர் ஒவ்வொரு பைப்பையும் மடிந்த இரும்புச் சட்டமான ஆங்கிளுக்குள் படுக்கவைத்து ஒழுங்காகச் சாக்பீஸ் கோடு போட்டான். கடைசிப் பைப்பை வைஸின் தாடைக்குள் வைத்து இறுக்கியபோது மட்டும் அதன் முதுகில் மெல்லிசாக ஒரு கோடு தெரிந்தது. கை களைத்திருந்தது, வம்சி வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தான், கண் தன் பாட்டுக்கு அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டது. ஆலையில் பைப்பை இழுக்கும்போது விழுந்த கீறல் அது. நேராகப் போவதுபோலப் பாவனை காட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகப் பைப்பைச் சுற்றித் திரும்பியிருந்தது. பாழாய்ப்போன பழக்கம், வேறென்ன சொல்ல?

ஓட்டுபவன் தலைக்குப் பின்னாலிருந்து கிளம்பி, கூரையை ஒட்டிச் சாய்வாக வந்து, பக்கத்து சீட்டுக்காரன் நெற்றிக்கு மேலே முடிய வேண்டிய பைப் அது. தூக்கிப் பொருத்தினால், பின் முனை கச்சிதமாகக் கவ்வியது. முன் முனையில் ஓர் உதடு ஆகாயத்தில் நின்றது. இடுக்கில் பென்சில் போகும்.

"அண்ணா, இது திரும்பிப்போச்சுங்க. என்ற தப்புத்தான். வேற பைப்புதான் வெட்டோணும்" என்றான் கதிர்.

"வேற பைப்புக்கு எங்கடா போறது? நாளைக்குக் காலைல வண்டியச் சோதிக்க ஆளு வர்றாங்க" என்றார் திருமூர்த்தி. எட்டிப் பார்த்தார். வம்சி வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். ஒரு வெல்டிங் ராடை எடுத்து மேல் மருந்தைத் தட்டி உதிர்த்துவிட்டு, உள்ளே இருந்த கம்பியை அந்த இடுக்கில் திணித்தார். அதன் மேல் வெல்டிங்கை ஓட்டினார். அதுவும் கீழ்ப்பாதியில்தான். மேல்பாதி கூரையோடு ஒட்டிக் கிடந்ததால் ராடு போக வழியில்லை. அங்கே, பெயின்டுக்கு முன் பள்ளம் அடைக்கப் பூசுகிற பட்டியை அப்பினார். பிறகு கிரைண்டர், பிறகு பெயின்ட். பூசி மெழுகுவதில் அவரை அடிக்க ஆளில்லை.

"கார் என்ன நெசமாலுமே உருண்டுபோடவா போவுது? இந்தா பாரு கண்ணு, இதப் பத்தி வாயத் தொறந்தீன்னா பட்டறைக்குப் பூட்டுத்தான். நீயும் நானும் நடுரோட்டுல நிக்கோணும்."

மறுநாள் சோதிக்க வந்தவர் கூண்டைத் தட்டிப் பார்த்து, அருமையான வேலை என்று சொல்லிவிட்டுப் போனார். கதிருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

திருமூர்த்தி என்ன கெட்டவரா என்று கேட்டால் இல்லை. அங்கேதான் சிக்கல். கதிரும் பொற்கொடியும் கல்யாணமாகிக் கோயமுத்தூர் வந்த புதிதில் கணபதி முழுக்க வாடகைக்கு வீடு தேடி அலைந்தார்கள். வீட்டுக்காரர்கள் எல்லாரும் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, சொந்த ஊர் எது, அப்பா யார் தோட்டத்தில் வேலை, ஊரில் எந்தப் பக்கம் வீடு என்று மரியாதை குறையாமல் விசாரித்து, பதில் வந்ததும், ரூமை இப்போதுதான் இன்னொருத்தருக்குச் சொல்லிவிட்டோமே என்று வருத்தப்பட்டார்கள். எத்தனை மரியாதையான ஊர்! எதுவுமே கேட்காமல் பட்டறைக்குப் பின்னால் இருந்த ரூமைத் திறந்துவிட்டவர் திருமூர்த்தி ஒருவர்தான். பொற்கொடிக்கு வம்சி வீட்டு மில்லில் வேலைக்குச் சொல்லிவைத்தவரும் அவரே. இருக்கிற கூரை ஒருவர் கையில், தின்கிற சோறு இன்னொருவர் கையில். வம்சியிடம் உண்மையைச் சொன்னால் கூரை போகும்; வம்சிக்குக் கோபம் வந்தால் சோறும் போகும். சொல்லாவிட்டால் ஓர் உயிர் போகலாம். கதிர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒன்று முட்டியது.

இந்த லட்சணத்தில் நேற்றுச் சாயங்காலம் வம்சி பட்டறைக்கு வந்தான். வழக்கமாகப் பக்கத்தில் உட்கார்கிற அவன் சித்தப்பா மகனுக்குக் காய்ச்சலாம். வேப்பமரத்தடியில் திருமூர்த்தியோடு வெகு நேரம் நின்று பேசினான். அவன் போனதும் திருமூர்த்தி வந்து கதிரின் தோளில் கை வைத்தார்.

"நாளைக்குத் தம்பிகூட நீ போய்ட்டு வா கண்ணு. ரேஸுக்கும் நீதான். எல்லார்த்துக்கும் கெடைக்குமா இந்த வாய்ப்பு?"

"அண்ணா, அந்த ஜாயிண்டு…"

"அதையவே நெனச்சுட்டு இருக்காத. போய்ட்டு வா."

பொற்கொடிக்குக் காலே தரையில் பாவவில்லை. இருந்ததில் நல்ல சட்டையாகப் பார்த்துத் தேய்த்து வைத்தாள். "கேபிள் டீவில காட்டுவாங்களா? மில்லுல எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டேன்" என்றாள். அவளிடம் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது?

"ரெடியா?" என்றான் வம்சி.

"ரெடிங்க சார்."

கார் கிளம்பவில்லை, பாய்ந்தது. கதிரின் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. சரளைக் கற்கள் காருக்கடியில் படபடவென்று அடித்தன. செம்மண் புழுதி பின்னால் எழுந்து உலகத்தையே மறைத்தது. தென்னை மரங்கள் ஒவ்வொன்றாக வந்தது போய், வேலி போட்டது போல் சேர்ந்தே ஓடின.

"வாசி!"

"எடது… எடது வளைவுங்க. அப்பறம் நேரா. அப்பறம் பாலமுங்க."

"இந்த ங்க எல்லாம் வேண்டாம் கதிர். அதச் சொல்லி முடிக்கறதுக்குள்ள வளைவு போயிரும்!" வம்சி உற்சாகமாகக் கத்தினான்.

கதிரின் சொந்த ஊர்ச் சாலை இது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தோப்பில்தான் அவன் அப்பா தேங்காய் பொறுக்கினார். வேலியோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சென்னியம்மாள் அத்தை, புழுதிக்குள் ஓடுகிற சிவப்புக் காரைப் பார்த்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். உள்ளே தன் அண்ணன் மகன் கட்டுண்டு கிடக்கிறான் என்று அவளுக்கு எங்கே தெரியும்? கூப்பிட்டுச் சொல்லத் தோன்றியது. கண்ணாடி ஏற்றியிருந்தது. கையைத் தூக்கினால் கூண்டு தட்டியது.

பாலத்தைத் தாண்டியதும் வம்சி வேகத்தைக் கொஞ்சம் தணித்தான். இப்போது சொல்லிவிடலாம் என்று கதிர் தாளை மடியில் வைத்தான்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு…"

"அட, நானே சொல்லோணும்னு இருந்தேன். உன் சம்சாரம் ரொம்ப நல்லா வேலை செய்யறாங்களாமா. சூப்பர்வைசர் சொன்னாரு. அப்பாகிட்டச் சொல்லி வேலையைப் பர்மனென்ட் பண்ணீரலாம். நீ என்ன சொல்ல வந்தே?"

"ஒண்ணுமில்லீங்க சார். அடுத்தது வலது வளைவுங்க."

சொல்ல வந்தது அப்படியே உள்ளே போய்விட்டது. தன் மேலேயே கதிருக்குக் கசப்பாக வந்தது. ஒருத்தன் நம்மை நம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான். அவன் வீட்டிலும் அம்மா இருப்பாள். அவன் செத்துப்போனால் அந்த அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது? கார் வளைவில் சாய்ந்த ஒவ்வொரு முறையும் கதிர் மனசுக்குள் வம்சியின் தலைக்குக் கை கொடுத்தான். தன் தலை ஒன்று இருக்கிற நினைப்பே அவனுக்கு வரவில்லை. அவன் வளர்ந்த வளர்ப்பு அப்படி.

மலையடிவாரத்தை நோக்கிப் போகிற ஏற்றத்தில் சாலை சட்டென்று இடது பக்கம் மடிந்தது. தாளில் அது குறித்திருந்தது. கதிர் அண்ணாந்து இணைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கதிர்!"

"எடது!" என்று கதிர் அலறுவதற்குள் கார் வளைவுக்குள் போய்விட்டது. பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே போயிற்று. வலது பக்கத்துச் சக்கரங்கள் வரப்பில் ஏறின. ஒரு நொடி கதிர் பக்கத்துக் கண்ணாடி முழுக்கத் தரை தெரிந்தது. பிறகு கார் தொப்பென்று நாலு சக்கரத்திலும் விழுந்து, ஆடி, நேராகி ஓடியது. வம்சி வெற்றிக் கூச்சல் போட்டான்.

கதிர் மேலே பார்த்தான். வெள்ளிப் பெயின்டில், மேல்பக்கத்தில், தலைமுடி கனத்துக்கு ஒரு கறுப்புக் கோடு ஓடியிருந்தது. பட்டி விட்டுவிட்டது.

"நிறுத்துங்க சார்."

"என்னாச்சு? வாந்தி வருதா?"

"நிறுத்துங்க சார், கும்பிட்டுக் கேக்கறேன்."

வம்சி ஓரமாக ஒரு வேப்பமரத்தடியில் காரை நிறுத்தினான். புழுதி மெதுவாகப் பின்னால் வந்து இருவரையும் மூடிக்கொண்டது. அது அடங்குவதற்குள் கதிர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கீறலைத் தடம் என்று நம்பி வெட்டியதையும், வாய் திரும்பிப்போனதையும், இடுக்கில் ராடைத் திணித்ததையும், தன் தலைக்கு மேலே வெல்டிங்கே இல்லாமல் பட்டி அப்பியிருப்பதையும் சொன்னான். அண்ணன் மேல் தப்பில்லை, தப்பெல்லாம் தன் மேல்தான் என்றும் சேர்த்துக்கொண்டான். கூரையும் சோறும் போனால் போகட்டும் என்றுதான் சொன்னான். பெரிய மனசுதான் வேண்டும் அதற்கு.

வம்சி ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டான். கடைசியில் சிரித்தான்.

"இதுக்கா இவ்வளவு நேரம் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு வந்தே? எனக்குத் தெரியும் கதிர்."

"தெரியுமுங்களா?"

"மூர்த்தி அண்ணன் நேத்தே சொல்லிட்டாரு. மனசு கேக்கலன்னு சொன்னாரு. நான்தான், பரவாயில்லீங்கண்ணா, ரேஸ் முடியட்டும், அப்பறமா மாத்திக்கலாம்னேன். அது இந்தப் பக்கந்தானே?" வம்சியின் விரல் கதிரின் நெற்றிக்கு மேலே காட்டியது. "நம்ம சித்தப்பா பையனை அதுக்கடியில உக்கார வெக்க முடியுமா சொல்லு? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா சித்திக்கு யார் பதில் சொல்றது? அதனாலதான் அவனை வர வேண்டாம்னுட்டேன். நீ தைரியமானவன். உனக்கு ஒண்ணும் ஆகாது."

ஒரு கெட்ட எண்ணமும் இல்லாத குரல். டீ வாங்கிக் கொடுக்கும்போது பேசுவானே, அதே குரல்.

"இரு, ஒரு தம் போட்டுட்டு வாரேன்" என்று வம்சி பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கிப் போனான்.

கதிர் உட்கார்ந்தபடியே இருந்தான். நேற்று வேப்பமரத்தடியில் அவர்கள் நின்று பேசியதும், திருமூர்த்தி தோளில் கை வைத்ததும் ஒவ்வொன்றாக விளங்கியது. தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல், எவன் உயிருக்காக நெஞ்சுக்குள் வெந்துகொண்டிருந்தானோ, அவன் கணக்குப் போட்டு இந்த சீட்டில் உட்காரவைத்துப் பெல்ட்டையும் தன் கையாலேயே இறுக்கியிருக்கிறான். கூரை கொடுத்த கை அதற்குச் சம்மதித்திருக்கிறது. இரண்டு பேரும் பேசிப் பார்த்ததில், கதிர் போனால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று முடிவாகியிருக்கிறது. பொற்கொடிக்கு யார் பதில் சொல்வது என்று அந்த மரத்தடியில் ஒருவரும் கேட்கவில்லை.

அழுகை வரும் என்று நினைத்தான். வந்தது கோபம். அதுவும் காதுவரை சூடாக வந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வம்சி போட்ட கணக்கு தப்பு. அந்தப் பைப் ஒரு பக்கத்துப் பைப் இல்லை. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கிற பைப். முன் முனை விட்டுக்கொடுத்தால் பின் முனை சும்மா தொங்கும். ஓட்டுபவன் தலைக்குப் பின்னால் தாங்க ஒன்றும் இருக்காது. கார் உருண்டால் இரண்டு தலையும்தான். கதிருக்கு இது தெரியும். இதைச் சொன்னால் போதும் என்பதும் தெரியும். சொன்ன மாத்திரத்தில் வம்சி சிகரெட்டை எறிந்துவிட்டுக் காரைத் திருப்புவான். விடிவதற்குள் எங்கிருந்தாவது புதுப் பைப் வந்துவிடும். வேலை, வீடு, பொற்கொடியின் பர்மனென்ட் எல்லாம் அப்படியே இருக்கும். இவ்வளவு சுலபமான வழி அவனுக்கு இந்த நாலு நாளில் கிடைத்ததே இல்லை.

நாக்கு நுனிவரை வந்ததை மென்று விழுங்கினான். வம்சியின் தலைக்கும் ஆபத்து என்ற காரணத்துக்காகக் கார் திரும்ப வேண்டாம் என்று தோன்றியது. அப்படித் திரும்பினால், இனி எந்தக் காலத்திலும், எந்த இடுக்கிலும் தன்னை நிறுத்தி வைக்கலாம் என்று தானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

வயிற்றுப் பூட்டை அமுக்கினான். பெல்ட் நாலு பக்கமும் சிதறி விழுந்தது. பட்டறையிலிருந்து கொண்டுவந்து பின்னால் போட்டிருந்த டூல்ஸ் பையை எட்டி இழுத்து ஹேக்ஸாவை எடுத்தான். பல் மேலே பார்க்கிற மாதிரி திருப்பிப் பிடித்து, இணைப்பின் அடியில் பிளேடை வைத்து, மேல்நோக்கி அறுக்க ஆரம்பித்தான். வெள்ளிப் பெயின்ட் தூளும் இரும்புத் தூளும் முகத்தில் கொட்டின. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அறுத்தான்.

சத்தம் கேட்டு வம்சி ஓடி வந்தான். "டேய், என்ன பண்றே? பைத்தியமா உனக்கு?"

"அறுக்கறனுங்க."

"நிறுத்துடா! ரேஸுக்கு ஒரு வாரங்கூட இல்ல! யாரைக் கேட்டு அறுக்கறே?"

"யாரைக் கேட்டுங்க என்னைய இங்க உக்கார வெச்சீங்க?"

வம்சி கதவுக்குள் கையை விட்டு ஹேக்ஸாவைப் பிடுங்கப் பார்த்தான். ஓடுகிற பிளேடுக்குப் பயந்து இழுத்துக்கொண்டான். "உன் சம்சாரத்தை நெனச்சுப் பாரு கதிர். நாளைக்கு மில்லுக்கு வர வேண்டாமா அவங்க?"

"அவளை நெனச்சுத்தானுங்க அறுக்கறேன்."

பைப்பில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. மேல்பாதி வெறும் பட்டிதானே? டிக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பட்டி பொரிந்து உதிர்ந்தது. இடுக்கில் திணித்திருந்த ராடுத் துண்டு கதிரின் மடியில் விழுந்தது. பைப்பின் முனை இணைப்பை விட்டுக் கழன்று கீழே இறங்கி, பிடிப்பில்லாமல் ஆடியது. கதிர் வாயால் ஊதித் தூளை அப்புறப்படுத்திவிட்டு இறங்கி நின்றான்.

வம்சி உள்ளே எட்டி, ஆடுகிற முனையை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தான். அது போய் வந்தது. அவன் பார்வை பைப்பைத் தொட்டுக்கொண்டே மெதுவாகப் பின்னால் போயிற்று. கூரை, நடுக் கூரை, தன்னுடைய சீட்டு, சீட்டுக்குப் பின்னால் தன் தலை இருக்கிற இடம். அங்கே போய் நின்றது. மறுபடி முனையைத் தள்ளினான். இந்த முறை பின்பக்கத்துக் கூண்டையும் கையால் பிடித்துப் பார்த்தான்.

"இது எனக்கும் சேத்துத்தானேடா?" என்றான் வம்சி. முகத்தில் ரத்தம் இல்லை. "அந்த வளைவுல உருண்டிருந்தா நானும் போயிருப்பனே! உனக்குத் தெரியுமில்ல? தெரிஞ்சும் ஏண்டா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னனுங்களே" என்றான் கதிர். "என்ற தலைக்கு மேல இருக்குதுன்னு சொன்னனுங்களே."

வம்சி, ஏறிக்கொள், கணபதியில் விட்டுவிடுகிறேன் என்பதுபோல் கதவைக் காட்டினான். கதிர் ஹேக்ஸாவைத் துடைத்து சீட்டில் வைத்தான். அது பட்டறையின் சொத்து.

மெயின் ரோடுக்கு நடந்தால் போகிற தூரம்தான். உக்கடம் பஸ் வரும். அங்கே இறங்கிக் கணபதிக்கு இன்னொரு பஸ். வம்சி பேச்சு திருமூர்த்தி காதுக்குப் போவதற்குள் பொற்கொடியிடம் சொல்லிப் பாத்திரம் பண்டத்தைக் கட்ட வேண்டும். அவள் அழுவாள், பிறகு திட்டுவாள், அப்புறம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்ட ஆரம்பிப்பாள். எந்த ஊரில் யார் ரூம் தருவார்கள் என்று கதிருக்குத் தெரியவில்லை. பயமாகத்தான் இருந்தது. சட்டையிலிருந்த இரும்புத் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு வேகமாக நடந்தான்.